கரிக்கோட்டுக் கணக்கு

(ஜலகண்டாபுரத்தில் உழவர் குடும்பங்கள் கூடிய மாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எங்கள் வீட்டுக் கட்டுத்தரைச் சுவரில் ஒரு கணக்கு இருந்தது. அம்மா எழுதிய கணக்கு. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அடுப்பில் இருந்து ஒரு கரித்துண்டை எடுத்து வருவார். பால் வாங்குகிற ஒவ்வொரு வீட்டுக்கும் சுவரில் ஓர் இடம். அரைப்படிக்குச் சின்னக் கோடு, ஒரு படிக்கு நீளக் கோடு. பால் ஊற்றாத நாளுக்கு ஒரு புள்ளி. மாதம் முடிந்து காசு வந்ததும் ஈரத்துணியால் அந்த வீட்டுக் கோடுகளைத் துடைத்துவிடுவார். மிச்சம் மீதி இருப்பதும் பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது மறைந்துபோகும்.

அப்பாவின் கணக்கு டைரியில் இருந்தது. விதைக் கரணை, உரம், டிராக்டர் வாடகை, களைக்கூலி, மோட்டார் காயில் கட்டிய செலவு எல்லாம் பொடி எழுத்தில் ஒழுங்காக இருக்கும். அப்பா தவறிய பிறகு காரியம் எல்லாம் முடிந்து, நானும் அண்ணனும் அந்த டைரிகளை வரிசையாகப் புரட்டினோம். இருபத்தேழு வருஷத்து டைரிகள். அதில் அம்மாவின் பெயர் இரண்டே இடத்தில் இருந்தது. இரண்டும் செலவுப் பக்கத்தில். ஒன்று ஆஸ்பத்திரி, இன்னொன்று மூக்குக்கண்ணாடி.

இன்றைக்கு நான் பேச வந்தது அந்த இரண்டு வரியைப் பற்றித்தான். பண்ணையத்தின் வரவு செலவு, வேலையாட்கள், வருங்காலம் என்று மூன்று தலைப்புக் கொடுத்தார்கள். முப்பது வருஷம் வங்கியில் விவசாயக் கடன் மனுக்களைப் பார்த்தவள் என்கிற முறையில் சொல்கிறேன், இவை மூன்றும் ஒரே கேள்விதான். பண்ணையத்தில் யாருடைய உழைப்பு எழுதப்படுகிறது, யாருடையது எழுதப்படவில்லை? எழுதப்படாதவர் ஒருநாள் பண்ணையத்தை விட்டுப் போய்விடுகிறார், அல்லது அங்கேயே தேய்ந்துபோகிறார்.

இந்த மண்ணின் நிலைமையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஊர்ப் பெயரிலேயே ஜலம் இருக்கிறது. நாடகாசிரியர் ஜலகண்டபுரம் ப. கண்ணன் தன் பெயரோடு சேர்த்து நாடெங்கும் கொண்டுபோன பெயர். பக்கத்திலேயே மேட்டூர் அணை. 1934-இல் கட்டி முடித்தது. 120 அடி நிறைந்தால் 93.47 டி.எம்.சி. நிற்கும். அந்தத் தண்ணீர் நம்மைத் தொடாமல் தஞ்சாவூருக்குப் போகிறது. நமக்கு மேட்டாங்காடு, கிணறு, போர். 2021-இல் தொடங்கி வைத்த சரபங்கா நீரேற்றுத் திட்டம், திப்பம்பட்டியில் இருந்து உபரி நீரை ஏற்றி 100 ஏரிகளை நிரப்புவதற்காக 565 கோடி ரூபாயில் வந்தது. நல்ல திட்டம்தான். ஆனால் அணை வழிகிற வருஷத்துக்குத்தான் அது உதவும். வழியாத வருஷத்தில் நம்மைக் காப்பாற்ற வேண்டியது நம் கணக்குதான்.

ஒரு மாட்டை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு நாளைக்கு 8 லிட்டர் பால் சொசைட்டிக்கு ஊற்றுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆவின் விலை லிட்டருக்கு 35 ரூபாய், ஊக்கத்தொகை 3 ரூபாய் என்றே கொள்வோம். பாலின் தரம் சரியாக இருந்தால் 304 ரூபாய். தவிடு, பிண்ணாக்கு, கலப்புத் தீவனம், தட்டு எல்லாம் சேர்த்து 170 ரூபாய் போகட்டும். மிச்சம் 134. இதைத்தான் நாம் லாபம் என்கிறோம்.

அந்த வீட்டு அம்மா காலை நாலரைக்கு எழுந்து சாணி வழிக்கிறார், தண்ணீர் காட்டுகிறார், கறக்கிறார், சொசைட்டியில் வரிசையில் நிற்கிறார். வெயில் ஏறுவதற்குள் ஒரு கட்டுப் புல் அறுத்துத் தலையில் வைத்துக் கொண்டுவருகிறார். சாயங்காலம் மறுபடியும் முதலில் இருந்து. எப்படிப் பார்த்தாலும் நாலு மணி நேரத்துக்குக் குறையாது. அதே நாலு மணி நேரம் பக்கத்துக் காட்டுக்குக் களை வெட்டப் போயிருந்தால் அரைநாள் கூலி கையில் கிடைத்திருக்கும். உங்கள் ஊர்க் கூலி என்னவோ அதில் பாதியை அந்த 134-இல் நீங்களே கழித்துப் பாருங்கள். சில வீட்டில் கொஞ்சம் மிஞ்சும். சில வீட்டில் பூஜ்யம் வரும். மாடு வறண்டு நிற்கிற மாதங்களையும் சேர்த்துக்கொண்டால் பல வீட்டில் கீழே இறங்கிவிடும்.

மாட்டை விற்றுவிடுங்கள் என்று சொல்லவில்லை. எரு இருக்கிறது, கன்று இருக்கிறது, தினமும் கைக்கு வருகிற காசுக்கு ஒரு மதிப்பு இருக்கிறது. அந்த 134 ரூபாய் மாட்டின் லாபம் இல்லை, அந்த அம்மாவின் கூலி. இதைத்தான் நாம் எழுத வேண்டும். சொசைட்டி உறுப்பினர் கார்டு யார் பெயரில் இருக்கிறது? பால் பணம் யார் வங்கிக் கணக்கில் விழுகிறது? கறப்பவர் பெயருக்கு அதை மாற்றுவது கடினமான வேலை இல்லை. ஒரு மனுவும் அவர் பெயரில் ஒரு பாஸ்புக்கும் போதும்.

டெல்லியில் வேளாண் செலவு மற்றும் விலைகள் ஆணையம் என்று ஒன்று இருக்கிறது. குறைந்தபட்ச ஆதரவு விலைக்குப் பரிந்துரை செய்வது அதுதான். அங்கே செலவைப் பல விதமாகக் கணக்கிடுகிறார்கள். விதை, உரம், கூலி என்று கையை விட்டுப் போன பணம் ஏ2. அதோடு வீட்டார் உழைப்புக்கும் ஒரு கூலி போட்டுச் சேர்த்தால் ஏ2 கூட்டல் எஃப்.எல். சொந்த நிலத்துக்கு வாடகை, போட்ட முதலுக்கு வட்டி எல்லாம் சேர்ந்தால் சி2. எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையிலான தேசிய உழவர் ஆணையம் செலவுக்கு மேல் பாதியாவது கூடுதலாகத் தர வேண்டும் என்றது. 2018 பட்ஜெட்டில் மத்திய அரசு ஒன்றரை மடங்கு என்று அறிவித்து, ஏ2 கூட்டல் எஃப்.எல். செலவை அடிப்படையாக எடுத்துக்கொண்டது. சி2-தான் வேண்டும் என்று உழவர் சங்கங்கள் போராடுகின்றன. அந்தப் போராட்டம் நியாயமானது. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். டெல்லியில் உட்கார்ந்திருக்கிற ஒரு குமாஸ்தா நம் வீட்டுப் பெண்ணின் உழைப்புக்கு ஒரு கட்டம் போட்டு ஒரு தொகையை எழுதுகிறார். நம் வீட்டு டைரியில் அந்தக் கட்டம் இல்லை.

பெண்ணின் உழைப்புக்கு விலை போடாததும், தண்ணீருக்கு விலை போடாததும் ஒரே பழக்கத்தில் வந்தவை. தமிழ்நாட்டு உழவர்கள் ரத்தம் சிந்திப் போராடி வாங்கியது இலவச மின்சாரம். அதை விட்டுக்கொடுக்க நான் சொல்லமாட்டேன். ஆனால் காசு இல்லாமல் வருவது கணக்கிலும் வராமல் போய்விடுகிறது. மோட்டார் ராத்திரி முழுக்க ஓடுகிறது. தண்ணீர் கீழே போய்க்கொண்டே இருக்கிறது. ஒருநாள் ராத்திரி போர் போடத் திருச்செங்கோட்டு ரிக் லாரி வந்து காட்டில் நிற்கும். ஐந்நூறு அடியில் புகை, எண்ணூறில் புகை, ஆயிரத்திலும் வெறும் மண்புகை. அந்த ராத்திரி செலவழிந்தது வீட்டுப் பெண்களின் நகை. இலவசம் என்று எழுதாமல் விட்ட தண்ணீரின் விலை அங்கே மொத்தமாக வந்து சேர்கிறது. யாருடைய கழுத்தில் இருந்து போயிற்று என்பதையும் டைரி சொல்லாது.

கடனைப் பற்றி நீட்டி முழக்க வேண்டாம். கிசான் கிரெடிட் கார்டில் 7 சதவீதம், தவணை தவறாமல் கட்டினால் 4 சதவீதம். கூட்டுறவுச் சங்கத்தில் கெடுவுக்குள் கட்டினால் பயிர்க்கடனுக்கு வட்டியே இல்லை. இதைவிட மலிவாக யாரும் பணம் தரமாட்டார்கள். நான் பார்த்த குடும்பங்களில் பயிர் பொய்த்துக் கடனில் விழுந்தவர்கள் உண்டு. அவர்களைவிட, பயிர்க்கடனை எடுத்துப் போர் போட்டவர்கள், போருக்கு வைத்திருந்த பணத்தில் கல்யாணம் பண்ணியவர்கள், கல்யாணக் கடனை அடைக்க வெளியில் வட்டிக்கு வாங்கியவர்கள் அதிகம். வீட்டுச் செலவுக்கு ஒரு நோட்டு, காட்டுச் செலவுக்கு வேறு நோட்டு. வேறு உபாயம் எதையும் நான் பார்த்ததில்லை.

மரவள்ளி போடுகிறவருக்கு இந்தக் கணக்கு இன்னும் அவசியம். ஒன்பது பத்து மாதப் பயிர். ஆதரவு விலைப் பட்டியலில் அது இல்லை. ஜவ்வரிசி ஆலையில் மாவுச்சத்தை அளந்து, பாயிண்டுக்கு இவ்வளவு என்று விலை போடுகிறார்கள். நடுகிற அன்றைக்கு அந்த விலை யாருக்கும் தெரியாது. 2020-இல் கேரளாவில் தென்பட்ட மாவுப்பூச்சி நம் பக்கம் பரவியபோது குருத்தெல்லாம் சுருண்டு காடே மொட்டையாக நின்றதைப் பார்த்திருப்பீர்கள். ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டில் இருந்து அந்தப் பூச்சியை அழிக்கும் ஒரு சின்னக் குளவியை வரவழைத்து, 2022 மார்ச்சில் நம் மாவட்டத்து ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்துதான் வெளியிட ஆரம்பித்தார்கள். அதுவரை பட்ட நஷ்டம் அவரவர் தலையில்தான் விழுந்தது. சேகோசர்வ் 1981-இல் உருவானபோது ஜவ்வரிசி ஆலைக்காரர்கள் கூட்டுறவாகச் சேர்ந்தார்கள். 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. கிழங்கு போடுகிற நாம் மட்டும் ஆலை வாசலில் பெரும்பாலும் தனித்தனி வண்டியாகத்தான் நிற்கிறோம். இது எனக்கு ஆறாத வருத்தம்.

இனி வேலையாட்கள். ஆள் கிடைப்பதில்லை என்று இங்கே வந்து இறங்கியதில் இருந்து நாலு பேர் என்னிடம் சொல்லிவிட்டார்கள். தறிப்பட்டறைக்குப் போனால் தலைக்கு மேல் கூரை இருக்கிறது, வருஷம் முழுக்க வேலை இருக்கிறது. காட்டில் வெயில், நாளைக்கு வேலை உண்டா என்று தெரியாது. இது எல்லோரும் சொல்லும் காரணம். சொல்லாமல் விடுகிற காரணம் ஒன்று உண்டு. நம் பண்ணையங்களில் தாத்தா வயதுக்காரரைப் பேரன் வயதுப் பையன் பேர் சொல்லி 'வாடா' என்று கூப்பிட்டான். தேங்காய்த் தொட்டியில் காபி ஊற்றினோம். முன்பணம் கொடுத்து ஆளை வருஷக்கணக்கில் கட்டிப்போட்டோம். கொத்தடிமை முறையை ஒழிக்க 1976-இல் சட்டம் வந்தது. நம் காட்டு வரப்புக்கு அது வந்து சேர ரொம்ப காலம் ஆயிற்று. அந்தப் பெரியவரின் பேரன் இன்று நம் காட்டுக்கு வேலைக்கு வரவில்லை என்றால், அவனுக்கு ஞாபகம் இருக்கிறது என்று அர்த்தம்.

எனக்குத் தெரிந்த ஒரு பண்ணையத்தில் ஆள் பஞ்சம் வந்ததே இல்லை. அந்த வீட்டு அம்மா ஞாயிற்றுக்கிழமையே சொல்லிவிடுவார்: இந்த வாரம் செவ்வாய், புதன், வெள்ளி மூன்று நாள் வேலை, இத்தனை பேர் வேண்டும். மழை வந்து வேலை நின்றாலும் வந்தவருக்கு அரைக் கூலி. கூலி அன்று மாலையே, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே தொகை. சம வேலைக்குச் சமக் கூலி என்ற சட்டமும் 1976-இல் வந்ததுதான். களை எடுக்கும்போது அவரும் ஒரு வரிசை பிடித்து உட்காருவார். மதியச் சோறு எல்லோருக்கும் ஒரே சட்டியில் இருந்து, ஒரே மாதிரித் தட்டில். அவர் நோட்டில் ஒவ்வொருவர் பெயருக்கும் ஒரு பக்கம் உண்டு. வாங்கிய முன்பணத்தை எழுதிக் கூட்டிக் காட்டி, அவர்களையே சரிபார்க்கச் சொல்வார். அவர்களுடைய வங்கிக் கணக்கில் வருஷம் 20 ரூபாய் விபத்துக் காப்பீடு பிடிக்கும்படி எழுதிக்கொடுக்க வைத்ததும் அவர்தான். விபத்தில் உயிர் போனால் குடும்பத்துக்கு 2 லட்சம் வரும். உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் விவசாயத் தொழிலாளர்களும் சேரலாம். உங்கள் காட்டில் வேலை செய்பவர்களிடம் அந்தத் திட்டத்தின் உறுப்பினர் அட்டை இருக்கிறதா என்று நாளைக்கே கேளுங்கள்.

கூலி இல்லாத வேலையாள் இன்னொருவர் உண்டு. வீட்டுப் பையன். இருபத்தாறு வயதில் டிராக்டர் ஓட்டுகிறான், மருந்தடிக்கிறான், நடுராத்திரி மும்முனைக் கரண்டுக்கு எழுந்து மோட்டார் போடுகிறான். வண்டிக்குப் பெட்ரோல் போட அப்பாவிடம் கை நீட்ட வேண்டும். எல்லாம் அவனுக்குத்தானே என்று அப்பா சொல்வார். அவர் சொல்வது உண்மைதான். ஆனால் அந்த 'எல்லாம்' அவன் கைக்கு வரும்போது அவனுக்கு ஐம்பது வயதாகியிருக்கும். அதே பையன் திருப்பூருக்குப் போனால் மாதம் பிறந்தால் சம்பளம். அவன் சோம்பேறி என்பதால் போகவில்லை, எழுதப்படாததால் போகிறான்.

அவனுக்கு மாதச் சம்பளம் எழுதுங்கள். பணமாகக் கொடுக்க வழி இல்லையென்றால் பொருளாகக் கொடுங்கள். பத்து மேச்சேரி ஆட்டை அவன் பெயரில் பிரித்துக் கொடுக்கலாம். நம் மண்ணின் ஆடு. கம்பளி இல்லாத, வெயில் தாங்குகிற இனம். அதன் தோலுக்குத் தனி மதிப்பு உண்டு. பொட்டனேரியில் 1978-இல் இருந்து அதற்கென்றே ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. குட்டி விற்கிற காசு அவனுடையது, நஷ்டமும் அவனுடையது. தானே முடிவெடுத்து ஒருமுறை தோற்றுப் பழகாதவன் கையில் மூன்று ஏக்கரை ஒரேநாளில் கொடுத்தால் என்ன செய்வான்?

விவசாயம் செய்கிற பையனுக்குப் பெண் கிடைப்பதில்லை என்பது இந்தக் கொங்குப் பக்கத்தில் இன்று பெரிய துயரம். பெண்ணைப் பெற்றவர்களைக் குறை சொல்கிறோம். அந்தப் பெண் தன் அம்மாவைப் பார்த்து வளர்ந்தவள். நாலரை மணிச் சாணியையும், புல்லுக்கட்டையும், யாரும் எழுதாத அந்த உழைப்பையும் பார்த்தவள். கரிக்கோடு போட்டு அழிக்கிற வாழ்க்கை எனக்கு வேண்டாம் என்கிறாள். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு எல்லா உரிமையும் இருக்கிறது.

வருங்காலத்தைப் பற்றிப் பேசும்போது என் கதையையும் சொல்லியாக வேண்டும்.

2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சராசரிப் பண்ணை முக்கால் ஹெக்டேர். இரண்டு ஏக்கரை எட்டாது. நாடு முழுக்கப் பண்ணைகளில் பெண்கள் நடத்துவது நூற்றுக்குப் பதினான்கு. 1989-இல் தமிழ்நாட்டுச் சட்டம் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு தந்தது. அதற்கு முன் கல்யாணமானவர்களை அது விட்டுவிட்டது. 2005-இல் மத்தியச் சட்டம் அந்தத் தடையையும் எடுத்தது. அப்பா 2005-இல் உயிரோடு இருந்தாக வேண்டும் என்பதில்லை என்று 2020 ஆகஸ்ட் 11-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

எனக்கு 1995-இல் கல்யாணம். அடுத்த வருஷமே விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன். வங்கியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள், பத்திரத்தைப் படித்துப் புரிந்துகொள்ளத் தெரிந்தவள், போட்டேன். "சீர் செஞ்சாச்சு, பொறந்த வீடு வேணும்ல?" என்றார்கள். பிறந்த வீடு எனக்கு வேண்டும்தான். அண்ணன் மீது இன்றும் எனக்குக் கோபம் இல்லை. பத்திரப் பதிவு முடிந்து வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா கட்டுத்தரையில் இருந்தார். கையில் கரித்துண்டு. ஒன்றும் பேசவில்லை. அன்றைக்கு ஊற்றிய பாலுக்குக் கோடு போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். எனக்கு இருந்தது ஒரு பங்கு. அம்மாவுக்கு அதுகூட எழுதப்படவில்லை, கேட்கவும் அவர் வாய் திறந்ததில்லை. அன்றைக்கு நான் கையெழுத்துப் போடாமல் இருந்திருக்க வேண்டும். பங்கை வாங்கி அண்ணனிடமே குத்தகைக்கு விட்டிருக்கலாம். உறவும் நின்றிருக்கும், கணக்கும் நின்றிருக்கும்.

மகளுக்குக் கொடுத்தால் நிலம் துண்டாகிவிடும் என்பவர்கள், இரண்டு மகன்களுக்கும் பிரித்தால் துண்டாகாதா என்று யோசிப்பதில்லை. பங்கு வேறு, உழவு வேறு. நாலு பேர் பெயரில் பட்டா இருந்தாலும் ஒருவர் உழலாம், மற்றவர்களுக்கு எழுத்துப்படி குத்தகை கொடுக்கலாம். எழுத்துப்படி என்பதுதான் முக்கியம். கிணறும் போரும் யார் பங்கில் விழுகிறது, மற்றவர்களுக்கு எந்தக் கிழமை முறைத் தண்ணீர், வண்டிப் பாதை எந்த வரப்பு, மின் இணைப்பு யார் பெயரில் என்று பாகப்பிரிவினைப் பத்திரத்தில் வரி வரியாக வர வேண்டும். பத்திரத்தில் நிலத்தின் எல்லைகளை மட்டும் எழுதிவிட்டுத் தண்ணீரை எழுதாமல் விட்ட குடும்பங்கள் ஒரு சுவிட்சுக்காக இருபது வருஷம் பேசாமல் இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

பெற்றவர்கள் உயிரோடு இருக்கும்போதே இதைப் பேசுவது அபசகுனம் என்று நினைக்கிறோம். நார்வேயில் பண்ணையை மகனுக்கோ மகளுக்கோ மாற்றிக் கொடுக்கும்போது, பெற்றோருக்குக் குடியிருக்க வீடும் மற்றத் தேவைகளும் பத்திரத்திலேயே எழுதிவைக்கிற பழக்கம் நெடுங்காலமாக உண்டு. ஜெர்மனியில் 1957-இல் உழவர்களுக்கு முதுமை உதவித்தொகை கொண்டுவந்தபோது, பண்ணையை அடுத்த தலைமுறையிடம் ஒப்படைத்தால்தான் பணம் என்று நிபந்தனை வைத்தார்கள். பல பத்தாண்டுகள் அந்த நிபந்தனை இருந்தது. இதையெல்லாம் தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பான் இருக்கிறது. அங்கே முழுநேர உழவர்களின் சராசரி வயது எழுபதை நெருங்கிவிட்டது. நம்மிடமும் ஒரு நல்ல வழக்கம் இருந்தது: பாகம் பிரிக்கும்போது அப்பா அம்மாவுக்கென்று ஜீவனாம்சக் காடு ஒதுக்குவது. அந்தக் காட்டை அம்மா பெயரிலேயே ஒதுக்குங்கள். மிச்சத்தைப் பிள்ளைகளுக்குத் தான செட்டில்மென்ட் எழுதினால், கடைசிவரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேருங்கள். 2007-ஆம் வருஷத்து மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, அப்படிப் பார்த்துக்கொள்ளாவிட்டால் பத்திரத்தையே ரத்து செய்ய வழி தருகிறது. கோர்ட்டுக்கு அலைய வேண்டாம், கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம்.

எம்.எஸ். சுவாமிநாதன் 2012-இல் மாநிலங்களவையில் பெண் உழவர் உரிமைக்கென்று ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். நிலம் பெயரில் இல்லாவிட்டாலும், உழுகிற பெண்ணுக்கு உழவர் என்று ஒரு சான்றிதழ் கொடுக்க வேண்டும் என்றார். அது நிறைவேறாமலே காலாவதியாகிவிட்டது. அந்தச் சான்றிதழை அரசாங்கம் தரும்வரை நம் வீட்டில் தரலாம். நான் இன்று கொண்டுவந்திருப்பது நூறு நோட்டு. முதல் பக்கத்தில் ஐந்து கட்டம் போட்டிருக்கிறேன்: தேதி, யார், என்ன வேலை, எத்தனை மணி நேரம், எவ்வளவு. 'யார்' என்கிற கட்டத்தில் வீட்டில் உள்ள எல்லோருடைய பெயரும் வர வேண்டும். எழுதத் தெரியாதவர்களுக்குப் பள்ளிக்கூடம் போகிற பேரப்பிள்ளை எழுதித் தரட்டும்.

நோட்டு வாசல் பக்கத்து மேசையில் இருக்கிறது. எடப்பாடி பஸ்ஸுக்குப் போக வேண்டியவர்கள் முதலில் வாங்கிக்கொள்ளுங்கள். பின்வரிசையில் பச்சைச் சேலை கட்டிய அம்மா, நான் மாட்டுக் கணக்குச் சொன்னபோது கையைத் தூக்கி, "நாலு மணி நேரம் இல்ல, அஞ்சரை" என்றார்கள். மைக்கை அவர்களிடம் கொடுக்கச் சொல்கிறேன். அந்த அஞ்சரை மணி நேரத்தை அவர்களே சொல்லட்டும்.